பதிமூன்றும் பதினான்கும்

சிரோலி, கோலாப்பூர்
6 செப்டம்பர் 2001

மந்தாகினிக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. நேற்று புனேயிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. தொழிற்சாலை ஆய்வாளர் அனுப்பியது. உங்கள் போசரிப் பட்டறையில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் அறுபது டன் பிரஸ்ஸில், ஆகஸ்ட் 21 அன்று சுரேகா லோண்டே என்ற பெண்ணுக்கு வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டனவாம். அந்த பிரஸ்ஸின் மின் பேனலைச் செய்துகொடுத்தவன் நான். ஆகவே அதிலுள்ள பாதுகாப்பு ரிலேயை என்ன அடிப்படையில் தேர்ந்தெடுத்தேன் என்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் சொல்லவேண்டுமாம்.

விபத்து நடந்து பதினைந்து நாள் ஆகிறது. மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. அன்றைக்கு நீ ஃபோன் செய்தாய். மோதகத்துக்கு மாவு சரியாக வேகவில்லை என்று ஐந்து நிமிடம் பேசினாய். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தபாலோடு உங்கள் வாக்குமூலத்தின் நகலும் இருக்கிறது. "பேனலைப் பெற்ற நாளிலிருந்து ரிலேயில் நாங்கள் கை வைக்கவில்லை. பேனல் செய்தவர் தேர்ந்தெடுத்துப் பொருத்திய அதே ரிலேதான் உள்ளது. அது ஒருகணம் செயலிழந்ததே விபத்துக்குக் காரணம்." கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று மாப்பிள்ளை ரண்ஜித்துடையது. இன்னொன்று, பங்குதாரர் என்ற முறையில், உன்னுடையது.

ஏன் ஃபோன் செய்யாமல் எழுதுகிறேன் என்று கேட்பாய். உன் வீட்டு ஃபோனும் பட்டறை ஃபோனும் ஒரே இணைப்பு. நீ பேசும்போது மறுமுனையில் இன்னும் யார் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தவிர, எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் பேச்சை மாற்ற முடியாது.

ஒன்றே ஒன்று செய். பேனல் கதவைத் திற. மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக ஒல்லியான சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் ரிலே. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ளதையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. மாப்பிள்ளையிடம் சொல்லவேண்டாம்.

யஷ்வந்த்


போசரி, புனே
14 செப்டம்பர் 2001

அண்ணா,

மாப்பிள்ளையிடம் சொல்லவேண்டாம் என்று என் புருஷனைப் பற்றி எனக்கே எழுத உனக்குக் கை கூசவில்லையா? நான் இந்தப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள். உனக்காக உளவு பார்க்கிறவள் இல்லை.

அன்று என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். மாலை நாலரை மணி. நான் ஆபீஸ் அறையில் இருந்தேன். பிரஸ்கள் ஓடுகிற சத்தம் எங்கள் காதில் விழுவதே கிடையாது, நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்போம். நின்றது. ஓடினேன். சுரேகா கத்தவில்லை. சூப்பர்வைசர் தோரட் அவள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்து, "அண்ணி, முதல்ல வளையலைக் கழட்டுங்க. கை வீங்கிட்டா அறுக்கவேண்டியிருக்கும்" என்றாள். பச்சைக் கண்ணாடி வளையல், ஏழு. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். என் வீட்டுக்காரர்தான் அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரவு முழுக்க அங்கேயே இருந்தார்.

சதுர்த்தியன்று ஏன் சொல்லவில்லை என்கிறாய். என்ன சொல்வது? உன் பெட்டி காலை வாரிவிட்டது என்றா? பண்டிகை நாளில் உன்னிடம் அதைச் சொல்லக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டு மாவைப் பற்றிப் பேசினேன்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஜனவரியில் நீ இங்கே வந்திருந்தபோது இரண்டு பேரும் சாப்பிடும் இடத்தில் சண்டை போட்டீர்கள். அவர் விலை குறைந்ததைப் போடச் சொன்னார், நீ மாட்டேன் என்றாய். கடைசியில் எதைப் போட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? பேனல் கதவு மூடிவிட்டால் உள்ளே இருப்பது உனக்கு மட்டும்தானே தெரியும்?

இந்தச் சம்பவத்தால் எங்கள் நிறுவனத்துக்கு ஏற்பட்டுள்ள உற்பத்தி இழப்புக்கும் நற்பெயர்க் கேட்டுக்கும் பேனல் தயாரிப்பாளர் என்ற முறையில் நீயே பொறுப்பு என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. உன் கடிதத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். எழுத்துகள் புடைத்திருக்கின்றன. கார்பன் வைத்து எழுதியிருக்கிறாய். தங்கைக்கு எழுதும் கடிதத்துக்கு நகல் யாருக்காக அண்ணா? வக்கீலுக்கா?

மந்தாகினி


சிரோலி
21 செப்டம்பர் 2001

மந்தாகினிக்கு,

ஆமாம், நகல் எடுத்தேன். இதற்கும் எடுக்கிறேன். உன் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய பத்தியைப் படித்த பிறகு எடுத்தது சரியென்றே படுகிறது. "நற்பெயர்க் கேட்டுக்கும்" என்று நீ பேசி இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. உறையின் ஓரத்திலும் இரண்டு முறை பசை தடவியிருக்கிறது. பக்கத்தில் நின்று சொன்னது யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

எதைப் போட்டேன் என்று கேட்டாய். அந்தக் கேள்வி நியாயமானது. பதில் சொல்கிறேன், நிதானமாகப் படி.

ஜனவரியில் என் மேஜையில் மூன்று ரிலே இருந்தன. முதலாவது சாதாரண ரிலே. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு தகடு போய் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும், பிரஸ் இறங்கும். விட்டால் தகடு விலகவேண்டும். ஆனால் பல ஆயிரம் தடவைக்குப் பிறகு ஏதோ ஒரு தடவை சூட்டில் அந்தத் தகடு பற்றவைத்த மாதிரி ஒட்டிப்போகலாம். நீ கையை எடுத்திருப்பாய், பிரஸ்ஸுக்கு அது தெரியாது. மாப்பிள்ளை கேட்டது இதைத்தான்.

இரண்டாவது பாதுகாப்பு ரிலே. உள்ளே இரண்டு தகடுகள். ஒன்று ஒட்டிப்போனால் மற்றது அதைக் கண்டுபிடித்து, அடுத்த தடவை மெஷின் கிளம்பவே விடாது. அவசர நிறுத்தப் பொத்தானுக்கு அது போதும். கையால் இரும்புத் தகட்டை வைத்து எடுக்கிற பிரஸ்ஸுக்குப் போதாது.

மூன்றாவதும் அதே போலத்தான், ஆனால் இரண்டு கைகளையும் கவனிக்கும். இடது பொத்தானும் வலது பொத்தானும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுத்தப்பட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டுத்தான் மறுபடி அழுத்த வேண்டும். ஒரு பொத்தானில் கட்டையைச் சொருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டலாம் என்று நினைத்தால், பிரஸ் அசையாது. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் இரும்பு நசுங்குகிற டைக்குள் எந்தக் கையும் இருக்க முடியாது.

பிரஸ்ஸுக்கு ரிலே தேர்ந்தெடுக்கிறவன், இது எப்படி வேலை செய்யும் என்று கேட்கக்கூடாது. எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்கவேண்டும். கெட்டாலும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் அது கெடவேண்டும். நான் போட்டது மூன்றாவது. இதற்கு மேல் எனக்குத் தெரிந்த தேர்வு கிடையாது.

ஆய்வாளரின் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. "மெஷின் அருகே ஆப்பு வடிவில் சீவிய ஒரு மரத்துண்டு கிடந்தது." நான் போட்ட ரிலேயோடு அந்த மரத்துண்டுக்கு எந்த உபயோகமும் இல்லை. பிறகு அதை யார், எதற்காகச் சீவினார்கள்?

வாரவிடுமுறை நாளில் நீயே போய்ச் சோதித்துப் பார். இடது பொத்தானில் கட்டையை வை. வலதை அழுத்து. என்ன ஆகிறது என்று எழுது. லேபிளையும் எழுது.

யஷ்வந்த்


போசரி
12 அக்டோபர் 2001

அண்ணா,

அந்தப் பத்தியை அவர்தான் சொன்னார். எழுதியது நான். இனிமேல் நான் எழுதுவதை அவர் பார்க்கமாட்டார். இந்தக் கடிதத்தைத் தபால் ஆபீஸிலேயே நின்று எழுதுகிறேன்.

முதலில் சுரேகாவைப் பார்க்கப் போனேன். காசர்வாடியில் ரயில் பாதையை ஒட்டி ஒற்றை அறை வீடு. கையில் இன்னும் கட்டு இருக்கிறது. கட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"ஏப்ரல்லேருந்து இடது பொத்தான்ல கட்டையைச் சொருகிட்டுதான் ஓட்டறோம் அண்ணி. தோரட் சார்தான் குடுத்தாரு. மூணு ஷிப்டுக்கும் அதே கட்டைதான். இடது கையால பீஸை வச்சு எடுப்போம், வலது கையால அழுத்துவோம். அன்னிக்கு ஒரு பீஸ் மாட்டிக்கிச்சு. வலது கையை உள்ள விட்டேன். முழங்கையோ என்னமோ பொத்தான்ல பட்டிருக்கு."

அவள் புருஷன் ஞானேஷ்வர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். "கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்களே, பழைய ரிலேயேதான் இருக்குன்னு. அது இருந்தா கட்டை வச்சு மெஷின் ஓடாதாம். அப்புறம் எப்படி ஓடிச்சு? இவ ஏதோ பண்ணிருக்கா. நாலு பீஸ் கூட அடிக்கணும்னு பேராசை" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பல தடவை கேட்ட பேச்சு போலிருந்தது.

நேற்று வியாழன், வாரவிடுமுறை. அவர் சாக்கனுக்குப் போயிருந்தார். தோரட்டை வரச்சொல்லி பிரஸ்ஸைப் போடச் சொன்னேன். தோரட் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எதுக்கு அண்ணி இதெல்லாம், சாரு வரட்டுமே" என்று நாலு தடவை சொன்னார். இடது பொத்தானில் கட்டையைச் சொருகினேன். வலதை அழுத்தினேன். பிரஸ் அசையவில்லை. கட்டையை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் அழுத்தினேன். இறங்கியது. ஆடிப்போய்விட்டேன், இத்தனை வருஷமாக அங்கே இருந்தும் ஒருநாளும் நான் அதை ஓட்டியதில்லை. பத்து தடவை செய்து பார்த்தேன். பத்து தடவையும் அதே கதை. கட்டை இருந்தால் ஓடவில்லை.

ஆக, நீ சொன்ன ரிலேதான் அங்கே இருக்கிறது. அவரும் பொய் சொல்லவில்லை, நீயும் பொய் சொல்லவில்லை. ஏப்ரலிலிருந்து கட்டை வைத்து ஓட்டினோம் என்கிற சுரேகாதான் பொய் சொல்கிறாள். ஏனென்று தெரியவில்லை. அவள் கண்ணைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை, ஆனால் மெஷின் சொல்வதை எப்படி மறுப்பது?

நீ கேட்ட லேபிள்: மேலே நிறுவனத்தின் பெயர். அதன் கீழே "இரு கைக் கட்டுப்பாடு" என்பதற்கான ஆங்கில வார்த்தைகள். 24 வோல்ட். ஒரு நீளமான எண், அதைத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், 0122. அவ்வளவுதான்.

இப்போது திருப்தியா?

மந்தாகினி


சிரோலி
17 அக்டோபர் 2001

மந்தாகினி,

இதைச் சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

0122 என்பது அந்தப் பெட்டி தயாரான தேதி. முதல் இரண்டு எண் வருஷம், அடுத்த இரண்டு வாரம். 2001ஆம் ஆண்டு, இருபத்திரண்டாவது வாரம். காலண்டரை எடுத்து எண்ணிப் பார். மே மாதக் கடைசி வாரம் வரும்.

பேனலை நான் உங்கள் பட்டறையில் இறக்கியது பிப்ரவரி ஒன்பதாம் தேதி. மே மாதம் தயாரான ரிலேயை பிப்ரவரியில் நான் எப்படிப் பொருத்தியிருப்பேன்?

நீ சோதித்தது வேறு பெட்டியை. நான் போட்டதை யாரோ கழற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் சாதாரண ரிலே ஒன்று இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டையோடு பிரஸ் ஓடியிருக்காது. விபத்துக்குப் பிறகு, ஆய்வாளர் வருவதற்குள், புதிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். சதுர்த்திக்குப் பட்டறை எத்தனை நாள் மூடியிருந்தது?

சுரேகா சொன்னது உண்மை.

நீ இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டுவாய் என்றே நினைக்கிறேன். காட்டு. ஆனால் அதற்கு முன்னால் அந்த லேபிளை யாராவது கேமரா வைத்திருப்பவரைக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துவிடு.

யஷ்வந்த்


போசரி
20 நவம்பர் 2001

அண்ணா,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு அடுத்து, அண்ணன் தங்கை வீட்டுக்கு வருகிற பாவுபீஜ் அன்று நீ வருவாய் என்று ஆரத்தித் தட்டை எடுத்து வைத்திருந்தேன். நீ வரவில்லை. வராதது நல்லதுதான் என்று மறுநாள் தோன்றியது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

படம் எடுத்தாயிற்று. உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. அதை இத்தனை நாளும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். அவர் சாப்பிடும்போது முகத்தைப் பார்ப்பேன். இவரா, என்று இருக்கும். சுரேகா தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்த மனுஷன். பிறகு, அந்த இரவிலேயே புது ரிலே எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாரோ என்று தோன்றும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியுமா அண்ணா? முடியும் போலிருக்கிறது.

கடைசியில், பாவுபீஜுக்கு மறுநாள், அவரே ஆரம்பித்தார்.

"தோரட்டைக் கூட்டிட்டுப் போய் பேனலைத் திறந்தியாமே?"

"திறந்தேன். ரிலேல மே மாசம்னு போட்டிருக்கு. நமக்கு பேனல் வந்தது பிப்ரவரி."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு கத்தினார். "ஆமா, மாத்தினோம்! ஏப்ரல்ல கழட்டினோம், சதுர்த்தி லீவுல புதுசு மாட்டினோம். போதுமா? ரெண்டு கையும் ஒண்ணா படலைன்னா நிக்குது. எட்டு மணி நேரம் நின்னுட்டு வேலை செய்யறவங்களுக்கு ஒண்ணா படுமா? பத்து அடிக்கு ஒரு தரம் நிக்குது. பிராக்கெட் சரக்கு நேரத்துக்குப் போகலைன்னா வாங்கற கம்பெனிக்காரன் ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துடுவான். நாப்பது பேர் வேலை போய் வீட்டுக்குப் போகணும். நான் என்ன அவ விரலை வெட்டணும்னா செஞ்சேன்?"

"எங்கிட்ட ஏன் கையெழுத்து வாங்கினீங்க?"

"நீ படிச்சிருக்கணும்."

அது சரிதான். நான் படிக்கவில்லை. அவர் நீட்டினார், போட்டேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அவர் அதைச் சொன்னார். "என்னையே முறைக்கிறியே. எப்படி மாத்தணும்னு எனக்கு என்ன தெரியும்? உன் உத்தம அண்ணனைக் கேளு. ஏப்ரல்ல ஃபோன் பண்ணிக் கேட்டேன். பதிமூணாவது வயரையும் பதினாலாவது வயரையும் எடுத்து சாதா ரிலேல குடுங்கன்னு எண்ணோட சொன்னாரு."

இது பொய் என்று நீ எழுதுவாய் என்று காத்திருக்கிறேன். எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் என்றாய். கார்பன் வைத்து நகல் எடுத்தாய். மூன்று கடிதம் எழுதினாய். அந்த ஃபோனைப் பற்றி அவற்றில் ஒரு வரி இல்லையே, ஏன்? முதல் கடிதத்திலேயே லேபிளைப் படிக்கச் சொன்னாயே, அவர் மாற்றியிருப்பார் என்று உனக்கு முன்பே தெரிந்ததால்தானா? உனக்குத் தெரிந்ததை என் வாயிலிருந்து வரவழைக்கத்தான் என்னை அந்தப் பேனல் முன்னால் நிறுத்தினாயா?

மந்தாகினி


சிரோலி
26 நவம்பர் 2001

மந்தா,

இதற்கு நகல் கிடையாது.

அவர் சொன்னது பொய்யில்லை. ஏப்ரல் மாதம், தேதி நினைவில்லை, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"மச்சான், உங்க பெட்டி எங்க உயிரை வாங்குது. சும்மா சும்மா நிக்குது. வேற வழியே இல்லையா?"

"பொத்தானோட உயரத்தை மாத்திப் பாருங்க. நான் அடுத்த மாசம் வந்து சரி பண்றேன்" என்றேன்.

"அடுத்த மாசமா? நான் இந்த வாரம் சரக்கு அனுப்பணும். சாதா ரிலே போட்டா ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லுங்க."

"ஓடும். எதைப் போட்டாலும் ஓடும். ஆனா அது நல்லதில்லை."

"எந்த வயரை எடுக்கணும்?"

சொல்லியிருக்கக்கூடாது. சொன்னேன். பதிமூன்றும் பதினான்கும். "நான் வர்ற வரைக்கும்தான்" என்று சேர்த்துக்கொண்டேன். கையில் சோற்றோடு அந்த இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட்டேன். மே மாதம் நான் போகவில்லை. ஜூனிலும் போகவில்லை. அவர் வரச்சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீதிப் பதினொரு பிரஸ்களுக்கும் பேனல் செய்கிற வேலையை எனக்கே தருவதாக அவர் சொல்லியிருந்தார். நான் போய்ப் பார்த்தால் "இதைக் கழற்றுங்கள்" என்று சொல்லவேண்டியிருக்கும். சொன்னால் அந்த வேலை போகும். அதனால் பார்க்காமல் இருந்தேன்.

ஆய்வாளரின் தபால் வந்த நாளிலேயே எனக்குத் தெரியும், அவர் மாற்றியிருப்பார் என்று. நீ கேட்டது சரி. எனக்குத் தெரிந்ததை உன் கையால் எழுதி வாங்கத்தான் உன்னை அனுப்பினேன். அவர் மாற்றினார் என்பது வெளியே வந்தால் போதும், நான் வழி சொன்னது வெளியே வராமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். ரிலே தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றி உனக்கு இரண்டு பக்கம் எழுதினேனே, அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவ்வளவு சரியாகத் தெரிந்தவன்தான் ஃபோனில் அப்படிச் சொன்னவன்.

டிசம்பர் ஐந்தாம் தேதிக்குள் என் விளக்கம் போகவேண்டும். மேஜையில் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்றில் 0122 மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் அந்த ஃபோன் பேச்சும் இருக்கிறது. இரண்டாவதை அனுப்பினால் இங்கே சர்க்கரை ஆலைக்காரர்கள் யாரும் எனக்கு வேலை தரமாட்டார்கள். உன் மேலும் வழக்கு வரும், அதையும் யோசி. எதை அனுப்பட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன்.

யஷ்வந்த்


போசரி
18 டிசம்பர் 2001

அண்ணா,

இரண்டு காகிதத்தில் எதை அனுப்புவது என்று என்னைக் கேட்டிருந்தாய். வேண்டுமென்றேதான் பதில் எழுதவில்லை. இந்த விவகாரத்தில் எல்லாரும் அடுத்தவர் கையெழுத்தைத்தான் தேடுகிறார்கள். உன்னுடையதை நீயே போடு என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் மூன்றாம் தேதி நான் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். என் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். லேபிளின் படத்தைக் கொடுத்தேன். "திரும்ப வாங்கினா உங்க மேலயும் கேஸ் வரும், தெரியுமா அம்மா? நீங்க பங்குதாரர்" என்றார் ஆய்வாளர். தெரியும் என்றேன். அவர் எழுதியதை வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அவர் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும்.

நாலு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். உன் விளக்கம் வந்திருந்தது. ஆய்வாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க அண்ணனா இவரு? இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தர் தானா எழுதிக் குடுத்து நான் பார்த்ததில்லை. இவருக்கு வக்கீல் யாரும் இல்லையா?" என்று கேட்டார். இரண்டாவது காகிதத்தைத்தான் நீ அனுப்பியிருக்கிறாய் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதற்காக உன்மேல் இருக்கிற கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ என்னை அந்தப் பேனல் முன்னால் நிறுத்தியதை மறக்க எனக்கு நாளாகும். இன்றைக்குக்கூட உன் கடிதம் வந்தால் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படிப்பேன்.

பன்னிரண்டு பிரஸ்ஸுக்கும் சீல் வைத்துவிட்டார்கள். சரியான ரிலே போட்டு, சோதித்துக் காட்டினால்தான் திறப்பார்கள். வழக்கு எங்கள் இரண்டு பேர் மேலும். அவர் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட வருகிறார், தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போகிறார். நேற்று மட்டும் வாசலில் நின்று, "டீலர் வர்றான், நீயே பேசிக்கோ. நான் எதைச் சொன்னாலும் தப்பாத்தானே போகும்" என்றார். பேசினேன். டீலர் ஆறு விதமான ரிலேயை மேஜையில் பரப்பி, இது வேகமானது, இது சிறியது, இது எல்லாரும் வாங்குவது என்றான். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது கெட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். நாலுக்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. மீதி இரண்டின் காகிதங்களை வைத்திருக்கிறேன். பொத்தான்களின் உயரத்தைப் பற்றி ஆபரேட்டர்களிடம் கேட்டேன். யாரும் இதுவரை அவர்களிடம் கேட்டதில்லையாம். நாலு விரற்கடை இறக்கினால் இரண்டு கையும் தானாக ஒன்றாகப் படும் என்கிறார்கள். ஏப்ரலிலேயே யாராவது கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுரேகா வீட்டுக்குப் போனேன். அவள் இடது கையால் பாகரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் கிழிசல். ஞானேஷ்வர் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். ஃபோனில் வழி கேட்டு ரிலேயை மாற்றியது, திரும்ப மாட்டியது, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது. நஷ்டஈட்டில் இனி யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பாகரியைத் திருப்பிப் போட்டாள்.

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க அண்ணி? எனக்குத்தான் தெரியுமே. நாலு மாசமா அந்த மனுஷன் என்னை நம்பலை. ஓடாத மெஷினை நீ எப்படி ஓட்டினேன்னு தினம் ஒரு தரம் கேக்கறாரு. தெருவுல எல்லாரும் இவ பொய் சொல்லிக் காசு பறிக்கப் பாக்கறான்னு பேசறாங்க. அவரைக் கூப்பிட்டு அவர் முன்னாடி சொல்லுங்க."

கூப்பிட்டாள். அவன் துணியோடு வந்து நிலைப்படியில் நின்றான். நான் சொன்னேன். கட்டையோடு பிரஸ் ஓடியது, ஓடுகிற மாதிரி நாங்கள்தான் மாற்றி வைத்திருந்தோம், கட்டையைக் கொடுத்ததும் நாங்கள்தான், உங்கள் மனைவி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்றேன். அவன் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

சுரேகா அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி. வாசல்ல வந்து, கொஞ்சம் சத்தமா. குழாயடியில நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

வாசலுக்குப் போனேன். குடங்களோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். என் பெயரைச் சொன்னேன், பட்டறையின் பெயரைச் சொன்னேன், பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பாதியில் ஒரு ரயில் போயிற்று. அது போகும்வரை நிறுத்தச் சொன்னாள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னாள். அவள் என் பக்கத்திலேயே, கட்டுப் பிரித்த அந்தக் கையை முந்தானையில் மறைக்காமல் நின்றாள்.

நான் முடித்ததும், "வயரை எப்படி மாத்தறதுன்னு ஃபோன்ல சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

"என் அண்ணன். கோலாப்பூர்ல இருக்கான்."

"அவரு எப்ப வருவாரு?"

நான் எந்த நாளும் சொல்லவில்லை. நீ எழுது.

மந்தாகினி